ஆமென் யார் சொல்வது?

பூசையில் ஓர் இடம் உண்டு. சாமியார் அப்பத் தட்டையும் கிண்ணத்தையும் சேர்த்து உயர்த்தி, "இவர் வழியாக, இவரோடு, இவரில்" என்று தொடங்கிப் பாடி முடிப்பார். பதிலுக்கு மக்கள் "ஆமென்" என்று பாட வேண்டும். அப்பத்தையும் இரசத்தையும் அர்ச்சிக்கும் நற்கருணை மன்றாட்டைக் குரு ஒருவரே சொல்லி வந்தார். அதற்குக் கூட்டம் தன் கையெழுத்தைப் போடுகிற இடம் இதுதான். நம் இராமநாதபுரம் கரையோரக் கோயில்கள் பலவற்றில் இங்கே நடப்பது வேறு. கீபோர்டு முழங்கும், பாடகர் குழுவில் நாலு பேர் மூன்று அடுக்கு ஆமெனை இழுத்துப் பாடுவார்கள், மற்றவர்கள் வாய்மூடி நிற்பார்கள். சில பங்குகளில் இதற்கு நேர்மாறு: குரு மட்டும் சொல்ல வேண்டிய "இவர் வழியாக" பகுதியை ஊரே சேர்ந்து சொல்லிவிட்டு, தங்களுக்கென்று இருந்த ஆமெனில் மூச்சு வாங்கும்.

"வழிபாடு ஏன் சப்பென்று இருக்கிறது" என்று வழிபாட்டுக் குழுக் கூட்டங்களில் கேள்வி எழுந்தால் புதுப் பாட்டு, புது விளக்கு, பீடத்துக்குப் புதுத் துணி என்றுதான் பேச்சு போகும். என் கணிப்பில் குறை அங்கே இல்லை. வழிபாட்டின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு வேலை உண்டு, அந்த வேலையைச் செய்ய ஓர் ஆளும் உண்டு. ஆள் மாறும்போதும் வேலை அரைகுறையாக முடியும்போதும்தான் பொருள் கழன்று விழுகிறது.

கி.பி. 155 வாக்கில் ரோமையில் யுஸ்தீன் என்பவர் பேரரசருக்கு எழுதிய விளக்கத்தில், கிறிஸ்தவர்கள் ஞாயிறன்று கூடி என்ன செய்கிறார்கள் என்று சொல்கிறார். திருத்தூதர்களின் நினைவுக் குறிப்புகளையோ இறைவாக்கினரின் நூல்களையோ நேரம் இடம் தரும் அளவுக்கு வாசிக்கிறார்கள். தலைமை தாங்குபவர் அறிவுரை சொல்கிறார். எல்லாரும் எழுந்து மன்றாடுகிறார்கள். அப்பமும் இரசமும் தண்ணீரும் வருகின்றன. தலைவர் நன்றி சொல்ல, மக்கள் ஆமென் என்று ஒப்புகிறார்கள். பங்கிட்டு உண்கிறார்கள், வராதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். வசதி உள்ளவர்கள் கொடுக்கிற காசு அனாதைகளுக்கும் கைம்பெண்களுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் வந்து தங்கிய அந்நியருக்கும் போகிறது. ஏறத்தாழ 1,870 ஆண்டுகளுக்கு முந்தைய பட்டியல் இது. தங்கச்சிமடத்தில் ஞாயிற்றுக்கிழமை நடப்பதன் எலும்புக்கூடும் இதுவேதான். இரண்டு நூற்றாண்டு கழித்து விவிலிய அறிஞர் எரோணிமுஸ், ரோமைக் கோயில்களில் மக்கள் சொன்ன ஆமென் வானத்து இடிபோல முழங்கியது என்று எழுதினார்.

இந்தக் கரைக்கு வழிபாடு வாய்வழியாகத்தான் வந்து சேர்ந்தது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், இரண்டு மொழியும் தெரிந்தவர்களை உட்கார வைத்துச் செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய் ஆட்களைத் திரட்டியதை 1544 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் விவரிக்கிறார். அவர் ஒரு வரி சொல்வார், கூட்டம் திருப்பிச் சொல்லும். அவருக்குப் பின் இங்கே பணியாற்றிய அந்தோனியோ கிரிமினாலி 1549-இல் மண்டபத்துக்குப் பக்கத்து வேதாளையில் கொல்லப்பட்டார். அவர் இடத்தில் பொறுப்பேற்ற என்றிக்கே என்றிக்கசு தமிழ் கற்று ஆக்கிய "தம்பிரான் வணக்கம்" 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சானது. பக்கங்கள் 16. தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருப்பவற்றில் மிகப் பழையது அது. இலக்கியமும் அல்ல, இலக்கணமும் அல்ல; சாதாரண சனங்கள் வாய்விட்டுச் சொல்வதற்கான செபமும் மறைக்கல்வியும்.

ஆனால் பூசை இலத்தீனிலேயே இருந்தது. பீடத்தில் குரு இலத்தீனில் முணுமுணுக்க, கீழே மக்கள் செபமாலை உருட்டிய காலம் நானூறு ஆண்டுக்கு மேல். 1963 டிசம்பர் 4 அன்று வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டுக் கொள்கை விளக்கம் அதைத் திருப்பியது. அதன் 14-ஆம் எண், மக்கள் முழுமையாக, அறிந்துணர்ந்து, செயல்முறையில் பங்கெடுக்க வேண்டும் என்கிறது. அது அவர்கள் திருமுழுக்கினால் பெற்ற உரிமையும் கடமையும் என்கிறது. உரிமை என்ற சொல்லை விட்டுவிட்டுக் கடமை என்பதை மட்டும் பிரசங்கத்தில் கேட்டுப் பழகியிருக்கிறோம்.

முதலில் நேரத்தைச் சரிசெய்ய வேண்டும். விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள், திங்கள், புதன், சனி; மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு என்பது இந்தப் பக்கத்துப் பழைய ஏற்பாடு. சனிக்கிழமை போன படகு ஞாயிறு காலையில் கரை பிடிக்கும். மீனை இறக்கணும், தரம் பிரிக்கணும், ஐஸ் போடணும், ஏலம் பார்க்கணும். அந்த நேரத்தில் பாட்டுப்பூசை வைத்துவிட்டு "ஆண்கள் வருவதில்லை" என்று குறைப்படுவதில் நியாயமில்லை. சனி மாலைத் திருப்பலியும் ஞாயிறு பூசைக் கடமைக்குச் செல்லும். ஆனால் சனி மாலை அந்த ஆட்கள் கடலில். அவர்களுக்கு ஞாயிறு மாலைதான் தோது. மறுபடி திங்கள் அதிகாலை தொழில் என்பதால் ஏழு மணிக்குள் முடிந்துவிட வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் இந்தக் கணக்கு மாறும், விசைப்படகு ஆட்கள் எல்லாரும் கரையில் இருப்பார்கள். உயிர்ப்பு ஞாயிறில் தொடங்கும் பாஸ்கா காலத்தின் பெரும்பகுதி இதற்குள் வந்துவிடுகிறது. புதிய வாசகர்களையும் பாடகர்களையும் பழக்குவதற்கு இதைவிட நல்ல பருவம் கிடையாது. பல பங்குகளில் அந்த இரண்டு மாதமும் நற்செய்திக் கூட்டத்துக்குப் பந்தல் போடுவதில் கழிந்துவிடுகிறது.

வாசகங்களுக்கு வருவோம். ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் வருகின்றன: முதல் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. யோவான் பெரும்பாலும் தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும் வருவார். அதனால் அடுத்த ஞாயிறு என்ன வாசகம் என்பது ஒரு வாரத்துக்கு முன்பே தெரியும், ஐந்து நிமிடம் முன்னால் வாசலில் ஆள் பிடித்துப் புத்தகத்தைத் திணிக்கத் தேவையில்லை. வாசகர் வீட்டில் மூன்று முறை சத்தமாகப் படித்திருக்க வேண்டும். கண்ணால் படித்தது கணக்கில் சேராது. எசாயாவும் எரேமியாவும் தடுக்குவதில்லை. பவுலின் நீண்ட வாக்கியங்கள்தான் தடுக்கும். எங்கே மூச்சு விடுவது என்று பென்சிலில் கோடு போட்டுக்கொள்ளலாம். "முதல் வாசகம்" என்ற தலைப்பையும் அதன்கீழ் சாய்வெழுத்தில் இருக்கும் கருத்துச் சுருக்கத்தையும் வாசிக்கக் கூடாது, அவை வாசகருக்கான குறிப்பு. வாசகம் முடிந்ததும் இரண்டு மூச்சு விட்டுத்தான் "ஆண்டவரின் அருள்வாக்கு" வர வேண்டும். ஒட்டிச் சொன்னால் அதுவும் பவுல் எழுதியதில் ஒரு வரி போலக் கேட்கும்.

இவ்வளவு பழகிய வாசகரையும் கவிழ்க்கக்கூடியது ஒலிபெருக்கி. தளம் போட்டு டைல்ஸ் ஒட்டிய கோயிலில் சத்தம் தானாகவே சுற்றிச் சுற்றி வரும். அதன்மேல் ஆம்பிளிஃபயரில் எக்கோவைத் திருப்பி வைத்திருப்பார்கள். திருவிழாவுக்கு வந்த ரேடியோ செட்காரர் கைவைத்தது, அப்படியே நின்றிருக்கும். பாட்டுக்கு எக்கோ கொஞ்சம் இருக்கலாம், வாசகத்துக்கும் மறையுரைக்கும் சுழியத்தில் இருக்க வேண்டும். அடித்தொனியைக் குறைத்து நடுத்தொனியைக் கொஞ்சம் ஏற்றினால் தமிழ் மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்கும். முன்னால் இரண்டு பெரிய பெட்டியை வைத்து அலற விடுவதைக் காட்டிலும், தூண்களில் சிறு பெட்டிகளை மக்கள் காதுக்கு நேராகச் சாய்த்துக் குறைந்த சத்தத்தில் வைப்பது நல்லது. வாய்க்கும் மைக்குக்கும் அரைச்சாண் போதும். பீடத்து மைக், வாசக மேடை மைக், பாடகர் மைக் மூன்றும் ஒரே நேரம் திறந்திருந்தால் கூவல் வரத்தான் செய்யும். உப்புக்காற்று மைக் இணைப்புகளைப் பச்சை பூக்க வைக்கும், கரகர சத்தத்துக்குப் பாதிக் காரணம் அது. மாதம் ஒருமுறை கழற்றித் துடைக்க வேண்டும். கோபுரத்துக் குழாய் ரேடியோவைப் பூசை நேரத்தில் நிறுத்திவிடலாம். உள்ளே வந்தவர்களுக்கு அது தேவையில்லை, வெளியே இருப்பவர்கள் கேட்கவில்லை.

பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். 1967 மார்ச்சில் திருச்சபை வெளியிட்ட வழிபாட்டு இசைக்கான அறிவுரை, பாட வேண்டியவற்றை மூன்று படிகளாகப் பிரிக்கிறது. குருவும் மக்களும் மாறி மாறிச் சொல்லும் வாழ்த்துகள், "தூயவர், தூயவர்" என்ற பாடல், இவர் வழியாக–ஆமென், கர்த்தர் கற்பித்த செபம் போன்றவை முதற்படி. ஆண்டவரே இரக்கமாயிரும், வானவர் கீதம், விசுவாச அறிக்கை, மன்றாட்டு இரண்டாம் படி. வருகைப் பாடல், காணிக்கைப் பாடல், நன்மை (நற்கருணை) வாங்கும்போது பாடும் நன்மைப் பாடல் எல்லாம் மூன்றாம் படி. முதற்படியை மட்டும் பாடலாம். முதற்படி இல்லாமல் மற்றவற்றைப் பாடக் கூடாது. நம் ஊரில் இது தலைகீழ். வருகைப் பாடலுக்கு முன்னிசை, இடையிசை, இரண்டு சரணம் எல்லாம் உண்டு. "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்பதற்குச் செத்த குரலில் ஒரு பதில். நாலு பாட்டு நன்றாக இருந்தால் பூசை நன்றாக இருந்தது என்ற கணக்கு இப்படித்தான் வந்தது. பாடகர் குழு ஒரு மாதம் வருகைப் பாடலை வெறும் இரண்டு வரியோடு நிறுத்திக்கொண்டு, அந்தப் பயிற்சி நேரத்தை ஆமெனுக்கும் தூயவருக்கும் கொடுத்துப் பார்க்கட்டும்.

பதிலுரைப் பாடல் திருப்பாடல்களிலிருந்து வருவது, அதுவும் இறைவார்த்தை. அந்த இடத்தில் தியானப் பாடல் என்று வேறொன்றைப் பாடினால் ஒரு வாசகத்தையே எடுத்துவிட்டதாக ஆகும். பதில் வரி எட்டுப் பத்துச் சொற்களுக்கு மேல் போகாது. ஒருவர் பாட ஊர் வாங்கிப் பாடினால் மூன்றாம் தடவை பாட்டிகளுக்கும் பாடமாகிவிடும்.

மக்கள் பாடாததற்கு மிகச் சாதாரணமான காரணம் சுருதி. பயிற்சியில் பெண்பிள்ளைகள் குரலுக்குத் தோதாகச் சுருதி பிடிப்பார்கள். ஆனால் பாட்டு ஊருக்கு. பயிற்சி இல்லாத கூட்டத்தால், பாட்டின் உச்சி மேல் இரண்டு கட்டையை (கீபோர்டில் மேல் D) தாண்டினால் பாட முடியாது. ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழே பாடினாலும் இதே எல்லைதான். ஒரு பாட்டு மேல் ரிஷபம் வரை ஏறுகிறது என்றால் ஒரு கட்டையில் வைத்தால் சரியாக இருக்கும். அதையே மூன்று கட்டையில் பிடித்தால் உச்சி மேல் நான்கரையில் போய் நிற்கும். அனுபல்லவியில் ஊர் வாயை மூடிக்கொள்ளும், பழி பக்தி மேல் விழும். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தான் இருக்கிறது, அதை இரண்டு தடவை கீழே அமுக்கினாலே பல சிக்கல் தீரும். தானியங்கித் தாளத்தை நிறுத்திவிடுங்கள்: அது கூட்டத்துக்காகக் காத்திருக்காது, கூட்டமோ எப்போதும் அரை மாத்திரை பின்னால்தான் வரும். புதுப் பாட்டு மாதத்துக்கு ஒன்று போதும். அதையும் பூசை தொடங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் சொல்லிக் கொடுத்துவிட்டு, தொடர்ந்து நாலு ஞாயிறு பாட வேண்டும்.

பாட்டுக்கு அடுத்தது பேசாமலிருப்பது. பாவத்துயர்ச் சடங்கில், "மன்றாடுவோமாக" என்றபின், வாசகமும் மறையுரையும் முடிந்தபின், நன்மை வாங்கியபின் என நாலு இடங்களில் அமைதி வழிபாட்டின் உறுப்பாகவே விதிக்கப்பட்டிருக்கிறது. "மன்றாடுவோமாக" என்பதற்குப்பின் பத்து நொடியாவது வேண்டும். அந்த இடைவெளியில் ஒவ்வொருவரும் தன் மன்றாட்டை உள்ளே சொல்வார்கள், அவற்றை எல்லாம் திரட்டித்தான் குரு சபை மன்றாட்டைச் சொல்கிறார். திரட்ட ஒன்றும் இல்லாதபோது அது வெறும் படிப்பு. மறையுரைக்குப்பின் ஒரு நிமிடம், நன்மைக்குப்பின் இரண்டு நிமிடம் கொடுக்கலாம். கீபோர்டுகாரருக்கு இது கடினமான பயிற்சி; கையை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டியிருக்கும். மறையுரையின் நீளம் பற்றி நான் சொல்வதைவிட போப் பிரான்சிஸ் சொன்னதைச் சொல்லலாம்: 2018-இல் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்றார், 2024-இல் அதை எட்டாகக் குறைத்தார்.

அப்பம் சுத்தமான கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும் சேர்ந்தது. இரசம் திராட்சையிலிருந்து வந்தது, கெட்டுப்போகாதது. கெட்டுப்போகாதது என்பது இங்கே வெறும் சட்டவாக்கியம் அல்ல. வெயில் காலத்தில் திறந்த இரசப் புட்டி சில நாளில் புளித்துக் காடியாகும், சிறு புட்டியாக வாங்குவதே வழி. கடற்காற்றின் ஈரத்தில் அப்பம் நமுத்து வளையும். காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, ஒரு மாதத் தேவைக்கு மேல் வாங்காமல் இருக்க வேண்டும். நற்கருணைப் பேழையில் இருப்பதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். எல்லா ஞாயிறும் பேழையிலிருந்தே எடுத்துக் கொடுப்பது சோம்பல். அந்தந்தப் பூசையில் அர்ச்சித்த அப்பத்தையே மக்கள் பெறுவது விரும்பத்தக்கது என்று திருப்பலி நூலின் பொதுப் போதனை வற்புறுத்துகிறது. வாசலில் தட்டு வைத்து, நன்மை வாங்கப்போகிறவர் ஒவ்வொருவரும் ஓர் அப்பத்தை எடுத்துக் கிண்ணத்தில் போட்டுவிட்டு உள்ளே வந்தால் எண்ணிக்கை சரியாக வரும். காணிக்கைப் பவனியில் போவது தன் அப்பம் என்பதும் தெரியும். பெரிய அப்பம் ஒன்றைப் பிட்டு, துண்டுகளை முன்வரிசையில் சிலருக்காவது கொடுக்க வேண்டும். பிட்கிற சடங்கு பார்க்க மட்டும் வைத்தது அல்ல. பீடப் பொருள்களைக் கவனிக்கும் கோயில்பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: கிண்ணத்தின் உட்புறம் முலாம் பூசியது, புளி போட்டுத் தேய்த்தால் ஒரே வருடத்தில் பல்லிளிக்கும். கிண்ணத்தைத் துடைக்கும் துகிலை அலசிய முதல் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் செடிக்கு ஊற்றுங்கள்.

விசுவாசிகளின் மன்றாட்டுக்கு ஒரு வரிசை உண்டு: திருச்சபை, நாட்டை ஆள்பவர்களும் உலகமும், துன்பப்படுகிறவர்கள், உள்ளூர்ச் சமூகம். நாலு முதல் ஆறு மன்றாட்டு, ஒவ்வொன்றும் ஒரே வாக்கியம், இருபது சொல்லுக்குள். அச்சடித்த புத்தகத்திலிருந்து வாசித்தால் "உலகத் தலைவர்கள்" வருவார்கள், இலங்கைக் கடற்படை காங்கேசன்துறைக்கு இழுத்துச் சென்ற படகு வராது. யுஸ்தீனின் பட்டியலில் சிறையில் இருப்பவர்கள் இருந்தார்கள். இலங்கைச் சிறைகளில் மாதக்கணக்கில் ஆட்கள் கிடக்கிற ஒரு கரையில், அந்த வாரம் யார் பிடிபட்டார்கள், யார் விடுதலையானார்கள் என்பது மன்றாட்டில் ஒலிக்காவிட்டால் அதை ஊர்ப் பங்கின் மன்றாட்டு என்று எப்படிச் சொல்வது? எழுதும் பொறுப்பை அன்பியங்கள் (பங்கின் சிறு குடும்பக் குழுக்கள்) வாரம் ஒன்றாக எடுத்துக்கொள்ளலாம். கவனிக்க வேண்டியவை இரண்டு. மன்றாட்டில் செய்தி வாசிக்கக் கூடாது, யாரையும் குத்திக்காட்டக் கூடாது. "குடிப்பழக்கத்தைக் கைவிடாத சிலர்" என்று ஆரம்பித்தால் அது கடவுளிடம் பேசுவது அல்ல. உண்டியல் பணத்திலும் ஒரு பங்கு சிறைப்பட்டவர் குடும்பத்துக்கு என்று அறிவித்துப் பிரித்து வைக்கும்போது, மன்றாட்டுக்கும் காணிக்கைக்கும் நடுவே தொடர்பு இருப்பது சிறுபிள்ளைக்கும் தெரியும்.

சமாதானம் சொல்லும் சடங்கு பற்றி ஒரு சிறு தகவல். தென்னிந்தியத் திருச்சபை 1947-இல் உருவானபின் 1950-இல் வெளியிட்ட திருவிருந்து ஆராதனை முறையில், ஒருவர் உள்ளங்கைகளுக்குள் இன்னொருவர் கையை வாங்கிச் சமாதானத்தை வரிசை வரிசையாகக் கடத்தும் முறையைச் சேர்த்தார்கள். கேரளத்துச் சுரியானி மரபிலிருந்து எடுத்தது அது. உலகின் பல சபைகள் பின்னால் அதைப் பார்த்துப் படித்தன. மதுரை–இராமநாதபுரம் திருமண்டலக் கோயில்களில் இன்றும் காணலாம். இந்திய முறைகளை வழிபாட்டில் சேர்க்கக் கத்தோலிக்கருக்கு ரோமையிலிருந்து 1969 ஏப்ரலில் கிடைத்த பன்னிரண்டு அம்ச அனுமதியின்படி கைகூப்பி வணங்குவதே போதும். செருப்பைக் கழற்றிவிட்டு நுழைவது, தரையில் உட்காருவது, ஆரத்தி, எண்ணெய் விளக்கு எல்லாமே அந்தப் பட்டியலில் அடங்கும். முதல் இரண்டுக்கு நம் ஊர் யாருடைய அனுமதிக்கும் காத்திருந்ததில்லை.

ஆண்டில் சில நாட்களுக்குத் தனித் தயாரிப்பு வேண்டும். குருத்தோலை ஞாயிறுக்குப் பனங்குருத்தை முந்தின நாள் மாலை வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி வைத்தால்தான் சிலுவை முடையும்போது ஒடியாது. ஒரே மரத்தில் திரும்பத் திரும்பக் குருத்து எடுத்தால் மரம் இளைக்கும், வெட்டுகிறவருக்கு அதைச் சொல்லிவிட வேண்டும். அந்த ஓலைதான் அடுத்த ஆண்டு சாம்பல் புதனுக்கு. நன்றாகக் காய்ந்ததை இரும்புச் சட்டியில் எரித்து, ஆறியபின் நுணுக்கி, மெல்லிய துணியில் சலிக்க வேண்டும். நிறைய ஓலைக்குக் கொஞ்சம்தான் சாம்பல் கிடைக்கும். அதில் தண்ணீர் விட்டுக் குழைப்பது ஆபத்து; சாம்பலும் நீரும் சேர்ந்தால் காரம், நெற்றித் தோல் வெந்துபோகும். உலர்ந்த தூளாகவே பூசலாம், ஒட்டாவிட்டால் ஒரு துளி எண்ணெய் சேர்க்கலாம்.

உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின இரவில் வரும் பாஸ்கா திருவிழிப்புதான் ஆண்டின் முதன்மையான வழிபாடு. நம் ஊரில் அதிகம் சிதைவதும் அதுவே. இருட்டியபின்தான் தொடங்க வேண்டும், ஏழு மணிக்கு மேற்கே வெளிச்சம் இருக்கும்போது நெருப்பு மந்திரிப்பதில் அர்த்தமில்லை. நெருப்பைக் கோயில் சுவரின் காற்று மறைவில், மணல் பரப்பி, சிரட்டையும் காய்ந்த பனை மட்டையும் அடுக்கி மூட்டலாம். மண்ணெண்ணெய் ஊற்றினால் குப்பென்று எழுந்து, திரி கொளுத்தப் போகும் நேரத்தில் அணையும். பாஸ்கா திரி ஆண்டுதோறும் புதிதாக, மெழுகில் செய்ததாக இருக்க வேண்டும். சிலுவை, ஆல்ஃபா, ஓமெகா எழுத்துகள், ஆண்டின் நாலு இலக்கம், ஐந்து சாம்பிராணி மணி ஆகியவற்றுக்குக் குழியை முன்னதாகவே கீறி வைக்க வேண்டும், இருட்டில் கத்தியோடு போராட முடியாது. கையில் பிடிக்கும் சிறு திரிக்குக் கடற்காற்று எமன். காகிதக் கோப்பை கருகும், பாட்டில் துண்டு உருகும். கண்ணில் துளையிட்ட சிரட்டை இரண்டையும் தாங்கும். கோபுரத்துச் சீரியல் செட்டையும் சேர்த்து எல்லா விளக்கையும் அணைக்க வேண்டும். மூன்றாம் முறை "கிறிஸ்துவின் ஒளி" பாடி முடியும்வரை சுவிட்ச் பக்கம் யாரும் போகாமல் ஓர் ஆளை நிறுத்துங்கள்.

அன்றைய பழைய ஏற்பாட்டு வாசகம் ஏழு. காரணம் இருந்தால் மூன்றாகக் குறைக்கலாம், ஆனால் விடுதலைப் பயணம் 14-ஆம் அதிகாரத்தை எந்தக் காரணத்தாலும் விடக் கூடாது. ஆண்டவர் இரவு முழுவதும் கீழைக்காற்று வீசச் செய்து கடலை விலக்கிய பகுதி அது. பாம்பனிலும் ராமேசுவரத்திலும் காற்று மாறும்போது கடல் உள்வாங்கிப் படகுகள் தரைதட்டி நிற்பதைக் கண்டவர்களுக்கு, காற்று தண்ணீரைத் தள்ளும் என்பதை விளக்கத் தேவையில்லை. கொண்டல் ராத்திரி முழுக்க விடாமல் அடித்தால் கரை எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த வாசகத்தைப் படிக்க ஒரு கடல் தொழிலாளியை அழைக்காமல், தடுக்காமல் படிக்கும் கல்லூரிப் பிள்ளையையே ஆண்டுதோறும் நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஊர்த் திருவிழா வேறு கதை. மூக்கையூரிலும் தங்கச்சிமடத்திலும் சந்தியாகப்பர், காரங்காட்டில் செங்கோல் மாதா, ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று தலைவெட்டுண்ட அருளானந்தர் என்று ஒவ்வோர் ஊருக்கும் ஒரு காவல் உண்டு. கொடியேற்றம், நவநாள், சப்பரம், உப்பும் மிளகும், அசனம் என்று எல்லாவற்றையும் மக்கள் சொல்லிக் கொடுக்காமலே செய்கிறார்கள். இந்து, இஸ்லாமியக் குடும்பங்களும் திரி கொளுத்துகின்றன. மேலே சொன்ன பங்கேற்பு இங்கே தானாகவே இருக்கிறது. யாரும் வேடிக்கை பார்க்க வருவதில்லை. குறை வேறிடத்தில். தலைக்கட்டு வரியில் பெரும்பங்கு விளக்குக்கும் வெடிக்கும் போகிறது. சப்பரத்தின் முன்னால் யார் நிற்பது என்ற வழக்கு நவநாளின் ஒன்பது மறையுரைகளையும் தின்றுவிடுகிறது. செபதேயுவின் மகன் யாக்கோபுதான் நம் சந்தியாகப்பர். அழைப்பு வந்தபோது அவர் படகில் வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார் என்கிறது மாற்கு. நவநாளில் ஒரு நாளையாவது வலையும் படகும் மந்திரிப்பதற்கு என்று கரையிலேயே வைத்துக்கொண்டால் அவருக்கு அந்நியமாக இருக்காது.

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவைப் பார்த்தால் இவற்றில் எவ்வளவு தேவையில்லாதது என்று தெரியும். குடிநீர் இல்லாத தீவு. குடியிருக்கும் பங்கு மக்கள் இல்லை. இரண்டு கரையிலிருந்தும் படகில் வருகிறார்கள். கொடி ஏறுகிறது, சிலுவைப்பாதை நடக்கிறது, இரவில் தேர், விடிந்ததும் பூசை, பிறகு கிளம்பிவிடுகிறார்கள். சிலுவைப்பாதையின் பதினாலு நிலையையும் மண்ணில் நடந்தே முடிக்கிறார்கள்.

கடலில் காணாமல் போனவருக்கு வழிபாட்டில் என்ன செய்வது என்பது இந்தக் கரைக்கே உரிய கேள்வி. உடல் கிடைக்காதபோதும் அடக்கத் திருப்பலி ஒப்புக்கொடுக்கத் தடை இல்லை. ஆனால் எப்போது என்பதை வீட்டார் சொல்ல வேண்டும். சாட்சியச் சட்டம் ஏழு ஆண்டு தகவல் இல்லாதவரைத்தான் இறந்தவராகக் கொள்கிறது. மனைவி அதற்கு மேலும் காத்திருக்கலாம், முன்பே முடிவுக்கு வரலாம். வீட்டார் கேட்கும்வரை அவர் பெயரை "கடலில் இருப்பவர்கள்" மன்றாட்டில் சேர்க்க வேண்டும், "இறந்த விசுவாசிகள்" வரிசையில் சேர்க்கக் கூடாது. பூசைக் கருத்து வாசிக்கிறவர் ஒரு சொல் மாற்றிப் படித்துவிட்டால் அந்தக் குடும்பம் அந்த இடத்திலேயே உடைந்துபோகும். எழுதும்போதே தனித் தாளில் எழுதி வைப்பது நல்லது. நவம்பர் 2 அன்று கல்லறைத் தோட்டத்தில், கல்லறை இல்லாதவர்களுக்காகப் பொதுச் சிலுவையடியில் ஓர் இடம் ஒதுக்கி மணல் பரப்பி வைத்தால் அந்த வீட்டுப் பெண்கள் திரியோடு எங்கே நிற்பது என்று தெரியாமல் தடுமாற மாட்டார்கள்.

பூசை முடிந்ததும் வராதவர்களுக்குக் கொண்டுபோவது மிச்சம் இருக்கிறது. நற்கருணைப் பணியாளர் அப்பம் வைத்த சிமிழைக் கழுத்தில் தொங்கும் பையில் வைத்து, வழியில் கடையிலோ ஏலக்கூடத்திலோ நிற்காமல் நேராகப் போக வேண்டும். முந்தின நாளே வீட்டில் சொல்லி வைத்தால் ஒரு சின்ன மேசை, வெள்ளைத் துணி, திரி, ஒரு தம்ளர் தண்ணீர் தயாராக இருக்கும், டி.வி. அணைந்திருக்கும். அன்றைய நற்செய்தியில் நாலு வரியாவது வாசிக்க வேண்டும். ஒரு மணி நேர உபவாசம் நோயாளிக்கும் அவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் இல்லை. விழுங்க முடியாதவருக்கு நகக்கண் அளவு துண்டு போதும், தண்ணீரோடு கொடுக்கலாம். "கிறிஸ்துவின் திருவுடல்" என்று சொல்லிவிட்டு அவசரப்படாமல் நில்லுங்கள். பக்கவாதத்தில் படுத்திருப்பவருக்கு ஆமென் வாயில் உருவாக நேரம் எடுக்கும். பக்கத்தில் நிற்கும் மருமகள் அவருக்காகச் சொல்லிவிடுவாள், கையமர்த்தி அவரே சொல்லும்வரை பொறுக்க வேண்டும். மீந்ததை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் அன்றே பேழையில் சேர்த்துவிட்டு, சிமிழைத் தண்ணீர் விட்டு அலசிக் குடித்துவிடுங்கள்.